மூலிகை இலைச்சாறுகளின் பாக்டீரிய எதிர்ப்பும் மரபணுப் பாதுகாப்பும்

மூலிகை இலைச்சாறுகளின் பாக்டீரிய எதிர்ப்புத் திறன் என்பது, மருத்துவ குணம் கொண்ட தாவரங்களின் இலைகளிலிருந்து நீர், எத்தனால் போன்ற கரைப்பான்களால் பிரித்தெடுக்கப்படும் வேதிப்பொருட் கலவை, நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களைக் கொல்லவோ அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கவோ கொண்டுள்ள ஆற்றலைக் குறிக்கும். அதே கலவை மனித உயிரணுவின் டி.என்.ஏ.வுக்குத் தீங்கு செய்கிறதா என்று ஆராய்வது மரபணுப் பாதுகாப்பு ஆய்வு ஆகும். இவை இரண்டும் வெவ்வேறு வினாக்கள். முதல் வினாவுக்குக் கிடைக்கும் நல்ல விடை இரண்டாவதற்கு விடையாகிவிடாது. எனினும் மூலிகை பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை முதல் வினாவோடு நின்றுவிடுகின்றன.

நுண்ணுயிர் எதிரிகளுக்கு இணங்காத பாக்டீரியாக்கள் பெருகிவருவதே இத்துறையின் மீதான ஆர்வத்துக்கு முதன்மைக் காரணம். 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 இலட்சம் இறப்புகளுக்கு மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாக்கள் நேரடிக் காரணமாக இருந்தன என்று 2022இல் வெளியான பன்னாட்டு மதிப்பீடு கூறுகிறது. புதிய மருந்துகளைத் தேடுவோர் தாவரங்களின் பக்கம் திரும்புவது இதனால் இயல்பே.

பிரித்தெடுத்தல்

அன்றாட வழக்கில் சாறு என்பது பச்சிலையை இடித்துப் பிழிந்த நீரைக் குறிக்கும். ஆய்வகத்தில் அச்சொல்லின் பொருள் சற்று விரிவானது. இலைகளை நிழலில் உலர்த்திப் பொடியாக்கி, அப்பொடியை ஒரு கரைப்பானில் ஊறவைத்து வடிகட்டிப் பின்னர் கரைப்பானை ஆவியாக்கினால் எஞ்சும் பசை போன்ற பொருளும் சாறு என்றே அழைக்கப்படுகிறது.

எக்கரைப்பான் பயன்படுத்தப்பட்டது என்பது மிக முக்கியமானது. நீரில் சர்க்கரைகள், சப்போனின்கள், டானின்களின் ஒரு பகுதி ஆகியன கரையும். எத்தனாலிலும் மெத்தனாலிலும் பிளவனாய்டுகளும் பல ஆல்கலாய்டுகளும் கரையும். எக்சேன் போன்ற முனைவற்ற கரைப்பானில் மெழுகு, கொழுப்பு, டெர்பீன்கள் ஆகியன வரும். ஆகவே ஒரே இலையிலிருந்து எடுத்த நீர்ச்சாறும் எத்தனால் சாறும் வேதியியல் அடிப்படையில் இரு வேறு பொருட்களாகும். வீட்டில் கசாயமாகக் குடிக்கப்படும் ஓர் இலையை மெத்தனாலில் பிரித்துச் சோதித்துவிட்டு, கசாயம் பயன் தரும் என்று முடிவு கூறுவது பொருந்தாது.

இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு மலேரியா ஆய்வில் உள்ளது. சீனத்தின் து யூயூ ஆர்ட்டிமிசியா அன்னுவா என்னும் செடியை ஆராய்ந்தபோது, வெப்பத்தில் எடுத்த சாறுகள் நிலையான பலன் தரவில்லை. 1971இல் தாழ்ந்த கொதிநிலை கொண்ட ஈதரில் பிரித்தெடுத்த சாறே பலன் தந்தது. அதிலிருந்து கிடைத்த ஆர்ட்டிமிசினினுக்காக 2015ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

பாக்டீரியாவின் மீது சாறு செயற்படும் விதம்

தாவரங்கள் இடம்பெயர இயலாதவை. பூச்சிகள், பூஞ்சைகள், பாக்டீரியாக்கள் ஆகியவற்றிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள அவை வேதிப்பொருட்களை ஆக்குகின்றன. நாம் மருந்து என்று அழைப்பவற்றுள் பல, செடியின் பார்வையில் ஆயுதங்களே. பீனால் வகைப் பொருட்களும் டெர்பீன்களும் பாக்டீரியாவின் உயிரணு மென்சவ்வைக் குலைக்கின்றன. டானின்கள் புரதங்களோடு பிணைந்து நொதிகளைச் செயலிழக்கச் செய்கின்றன. சில ஆல்கலாய்டுகள் டி.என்.ஏ.வின் இழைகளுக்கு இடையே புகுகின்றன.

பொதுவாக இலைச்சாறுகள் ஸ்டாபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிராம் நேர் பாக்டீரியாக்களின் மீது நன்கு செயற்படுகின்றன. எஸ்செரிச்சியா கோலை, சூடோமோனாஸ் போன்ற கிராம் எதிர் பாக்டீரியாக்களிடம் தோற்றுவிடுகின்றன. பின்னவற்றுக்குக் கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு உண்டு. அதையும் தாண்டி உட்புகும் மூலக்கூறுகளை வெளியே தள்ளும் புரதப் பம்புகளும் அவற்றில் வலுவாக உள்ளன.

இப்பம்புகள் பற்றி 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு குறிப்பிடத்தக்கது. பெர்பெரிஸ் பேரினச் செடிகளில் பெர்பெரின் என்னும் மஞ்சள் நிற ஆல்கலாய்டு உள்ளது. (தமிழில் மரமஞ்சள் எனப்படும் கொடியிலும் இப்பொருள் உண்டு.) தனியே கொடுத்தால் ஸ்டாபைலோகாக்கஸ் அதை நோர்-ஏ என்னும் பம்பின் வழியாக வெளியேற்றிவிடும். அச்செடியின் இலைகளிலேயே மெத்தாக்சிஹிட்னோகார்பின் என்ற மற்றொரு பொருள் இருப்பதும், அது அந்தப் பம்பை அடைத்துவிடுவதும் கண்டறியப்பட்டன. பம்பை அடைக்கும் பொருளுக்குத் தனியே பாக்டீரியாவைக் கொல்லும் திறன் இல்லை. ஆயினும் அது உடனிருக்கும்போது பெர்பெரின் வலிமையான கொல்லியாகிறது. முழுச் சாறு தூய பொருளைவிட நன்றாக வேலை செய்கிறது என்ற மரபு மருத்துவர்களின் கூற்றுக்கு வேதியியல் ஆதாரம் கிடைத்த அரிய நேர்வுகளுள் இது ஒன்று.

அளவிடும் முறைகள்

கல்லூரி ஆய்வுகளில் பெரும்பாலும் கையாளப்படுவது அகர் பரவல் முறை. பெட்ரி தட்டில் உள்ள அகரின் மேல் பாக்டீரியாவைப் பரப்பி, சாறு தோய்த்த 6 மில்லிமீட்டர் வட்டத்தாளை வைத்தோ, அகரில் குழி வெட்டிச் சாற்றை ஊற்றியோ ஓர் இரவு வளர்க்க வேண்டும். பாக்டீரியா வளராத தெளிந்த வளையம் தோன்றினால் சாறு செயற்படுகிறது என்று பொருள். நுண்ணுயிர் எதிரிகளுக்கான வட்டத்தாள் முறையை 1966இல் பாயர், கிர்பி முதலியோர் வரையறுத்தனர்.

இலைச்சாறுக்கு இம்முறையை அப்படியே பயன்படுத்துவதில் குறை உண்டு. வளையத்தின் அகலம், பொருளின் வலிமையை மட்டுமன்றி அது அகரில் எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதையும் பொறுத்தது. நீரில் கரையாத எண்ணெய்ப் பொருட்கள் வலிமை மிக்கவையாக இருந்தாலும் சிறிய வளையத்தையே காட்டும். எனவே இரண்டு இலைகளின் வளையங்களை ஒப்பிட்டு ஒன்று மற்றதைவிடச் சிறந்தது என்று கூறுவது நம்பத்தக்கதன்று.

இதனினும் மேலான முறை, குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைக் காண்பது. சாற்றைப் படிப்படியாகப் பாதியாக நீர்த்து, பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் குறித்துக்கொள்ள வேண்டும். தூய்மையாக்கப்படாத ஒரு சாறு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் அல்லது அதற்கும் குறைவான செறிவில் செயற்பட்டால் அது கவனிக்கத்தக்கது என்பது இத்துறையினர் பலரின் கருத்து. ஆய்வகங்களில் ஒப்பீட்டுக்குப் பயன்படும் ஈ. கோலை வகையைத் தடுக்க சிப்ரோபிளாக்சசின் என்னும் மருந்து மில்லிலிட்டருக்கு 0.004 முதல் 0.015 மைக்ரோகிராம் வரை இருந்தால் போதும். பல இலைச்சாறுகளுக்கோ மில்லிலிட்டருக்கு 1,000 மைக்ரோகிராம், அதாவது 1 மில்லிகிராம் தேவைப்படுகிறது. சாறு என்பது நூற்றுக்கணக்கான பொருட்களின் கலவை. செயற்படும் பொருள் அதில் சிறு பங்கே இருக்கக்கூடும். ஆகையால் இந்த ஒப்பீடு முற்றிலும் நேர்மையானதன்று என்பதையும் கூற வேண்டும்.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் குருதி உள்ளது. அதில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் செறிவு உண்டாக வேண்டுமெனில் 5 கிராம் உலர்ந்த சாறு முழுவதும் ஒரே நேரத்தில் குருதியில் இருக்க வேண்டும். உண்ணும் சாற்றில் இது நடைபெறாது. எனவே இத்தகைய சாறுகள் புண்ணைக் கழுவுதல், வாய் கொப்பளித்தல், தோலில் பூசுதல் போன்ற புறப்பயன்பாட்டுக்கே பொருந்தும். கொய்யா இலையை வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பதையும் குடலோடு நிற்கும் சிகிச்சையாகவே கருத வேண்டும்.

மரபணு நச்சுத்தன்மை

ஒரு பொருள் டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையை மாற்றினாலோ, இழையை அறுத்தாலோ, குரோமோசோம்களை உடைத்தாலோ, உயிரணுப் பிரிவின்போது அவற்றைத் தவறாகப் பங்கிட்டாலோ அது மரபணு நச்சு எனப்படும். மற்ற நச்சுகளுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. வாந்தியையோ மயக்கத்தையோ தரும் இலையை மக்கள் ஒரு தலைமுறைக்குள்ளேயே அடையாளம் கண்டு விலக்கிவிடுவர். மரபணுவில் ஏற்படும் சிதைவு வலியற்றது. அதன் விளைவான புற்றுநோய் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத் தோன்றலாம். அப்போது அதை முன்னர் உண்ட இலையோடு யாரும் தொடர்புபடுத்த மாட்டார்கள். ஆகவே நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளது என்னும் சான்று, உடனடி நச்சுக்கு எதிராக ஓரளவு வலுவானது. மரபணு நச்சுக்கு எதிராக வலுவற்றது.

ஏம்ஸ் சோதனை

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் புரூஸ் ஏம்ஸ் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய சோதனை இன்றும் முதற்படியாக விளங்குகிறது. இதில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தைத் தாமே ஆக்க இயலாதபடி மரபணு பழுதடைந்த சால்மோனெல்லா டைபிமூரியம் வகைகள் பயன்படுத்தப்படுகின்றன. ஹிஸ்டிடின் ஏறக்குறைய இல்லாத தட்டில் அவை வளர மாட்டா. சோதிக்கப்படும் பொருள் சடுதிமாற்றத்தை உண்டாக்கினால், சில பாக்டீரியாக்களில் அப்பழுது தற்செயலாகச் சரியாகி, அவை வளர்ந்து குழுமங்களாகத் தெரியும். குழுமங்களின் எண்ணிக்கை கூடினால் பொருள் சடுதிமாற்றக் காரணி ஆகும். பல பொருட்கள் கல்லீரலில் மாற்றமடைந்த பின்னரே நச்சாகின்றன என்பதால், எலியின் கல்லீரல் நொதிகளைச் சேர்த்தும் சேர்க்காமலும் சோதனை செய்யப்படுகிறது.

மூலிகைச் சாறுகளில் இச்சோதனை இரு வகையில் ஏமாற்றக்கூடும். இலையில் இயல்பாகவே ஹிஸ்டிடின் உண்டு. அது பாக்டீரியாவுக்கு உணவாகிக் குழுமங்களைப் பெருக்கினால், தீங்கற்ற சாறு தீயது போலத் தோன்றும். மறுபுறம், சாறு பாக்டீரியாவைக் கொல்லும் தன்மையுடையது. சோதனையில் உள்ளதும் ஒரு பாக்டீரியாவே. சாறு அதைக் கொன்றுவிட்டால் குழுமம் தோன்ற வாய்ப்பே இல்லை; உண்மையான நச்சும் பாதுகாப்பானது போலத் தோன்றும். எந்தப் பண்பிற்காக ஒரு சாறு பாராட்டப்படுகிறதோ அதே பண்பு அதன் குறையை மறைக்கிறது. இதனால் தட்டின் பின்னணியில் மெல்லிய பாக்டீரியப் படலம் உயிருடன் உள்ளதா என்று உருப்பெருக்கியில் பார்ப்பதும், பாக்டீரியாவைச் சாற்றில் சிறிது நேரம் வைத்துக் கழுவிய பின்னர் தட்டில் இடுவதும் வழக்கம். இதைக் குறிப்பிடாமல் 'சடுதிமாற்றம் இல்லை' என்று மட்டும் கூறும் அறிக்கையை ஐயத்துடனேயே படிக்க வேண்டும்.

நேர்மாறான வழக்கும் உண்டு. வெங்காயம், கொய்யா இலை முதலிய பலவற்றில் உள்ள குவெர்செடின் ஏம்ஸ் சோதனையில் தெளிவாகச் சடுதிமாற்றம் காட்டுகிறது. ஆயினும் உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்த இயலாத 3ஆம் பிரிவிலேயே வைத்துள்ளது.

பிற சோதனைகள்

ஒரே சோதனையை நம்ப இயலாது என்பதனால் உயர் உயிரினங்களின் உயிரணுக்களிலும் ஆய்வு செய்யப்படுகிறது. நுண்கருச் சோதனையில், உயிரணுப் பிரிவின்போது உடைந்தோ பின்தங்கியோ போன குரோமோசோம் துண்டுகள் சிறு தனிக்கருவாகத் தெரிகின்றனவா என்று எண்ணப்படுகிறது. சுண்டெலியின் எலும்பு மச்சையில் இதைச் செய்வது வழக்கம். வால்வெள்ளிச் சோதனையில் ஒற்றை உயிரணுவை மின்புலத்தில் வைக்கின்றனர். அறுந்த டி.என்.ஏ. துண்டுகள் இழுபட்டு வால் போல நீளும்.

கருவிகள் குறைந்த கல்லூரிகளிலும் செய்யத்தக்கது வெங்காய வேர்ச் சோதனை. 1938இல் சுவீடனின் லெவான் இதை அறிமுகப்படுத்தினார். வெங்காயத்துக்கு 16 பெரிய குரோமோசோம்கள் மட்டுமே இருப்பதால் சாதாரண நுண்ணோக்கியிலேயே உடைவுகளைக் காணலாம். வேர் நுனிகளைச் சாற்றில் வைத்து, நசுக்கி, சாயமேற்றிப் பார்க்க வேண்டும். உயிரணுப் பிரிவு குறைந்திருப்பது மட்டும் மரபணு நச்சுக்குச் சான்றன்று. பாலம், துண்டு, ஒட்டிய குரோமோசோம் போன்ற பிறழ்வுகளைத் தனியே எண்ண வேண்டும். மாணவர் அறிக்கைகளில் இவ்விரண்டும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

அரிஸ்டோலோக்கியா

மூலிகையின் மரபணு நச்சுக்கு வரலாற்றில் மிகக் கொடிய சான்று அரிஸ்டோலோக்கியா பேரினமாகும். தமிழில் ஆடுதீண்டாப்பாளை, ஈசுரமூலி என வழங்கும் இரு செடிகளும் இப்பேரினத்தைச் சேர்ந்தவை. சில அழகி வகை வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இவ்விலைகளைத் தின்று, அவற்றின் நச்சை உடலில் சேர்த்துப் பறவைகளிடமிருந்து தப்புகின்றன. ஆடு தீண்டாத செடி என்ற பெயரை வைத்தவர்கள் ஏதோ ஒன்றைக் கவனித்தே வைத்திருக்கின்றனர்.

1990களின் தொடக்கத்தில் பெல்சியத் தலைநகர் பிரசெல்சில், உடல் மெலிவதற்கான மருந்தை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகங்கள் விரைவாகச் செயலிழந்தன. பாதிக்கப்பட்டோர் நூற்றுக்கும் மேற்பட்டோர். அம்மருந்தில் இருக்க வேண்டிய ஸ்டெபானியா என்னும் சீன மூலிகைக்குப் பதிலாக, ஒத்த பெயருடைய ஓர் அரிஸ்டோலோக்கியாவின் வேர் சேர்ந்துவிட்டது தெரியவந்தது. அத்தோடு முடியவில்லை. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, செயலிழந்த சிறுநீரகங்களையும் சிறுநீர்க்குழாய்களையும் முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொண்ட 39 நோயாளிகளுள் 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது.

காரணம் அரிஸ்டோலோக்கிக் அமிலம். உடலின் நொதிகள் அதன் நைட்ரோ தொகுதியை ஒடுக்கும்போது தோன்றும் வினைமிகு பொருள், டி.என்.ஏ.வில் உள்ள அடினினோடு ஒட்டிக்கொள்கிறது. அவ்விடத்தில் அடினின் தைமினாக மாறுகிறது. இம்மாற்றம் மிகத் தனித்தன்மை வாய்ந்தது. கட்டியின் டி.என்.ஏ.வைப் படித்தாலே நோயாளி முன்னர் எதை உண்டார் என்று கூற இயலும். தன்யூப் ஆற்றின் கிளைகளை ஒட்டிய பால்கன் சிற்றூர்களில் 1950களிலிருந்து அறியப்பட்டிருந்த புரியாத சிறுநீரக நோய்க்கும், கோதுமை வயல்களில் களையாக வளர்ந்த அரிஸ்டோலோக்கியாவே காரணம் என்பது இவ்வாறே உறுதியானது. தாய்வானில் 98 கல்லீரல் புற்றுநோய்க் கட்டிகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், 78 விழுக்காட்டில் இதே அடையாளம் காணப்பட்டது. அத்தகைய மருந்துகளை அந்நாடு 2003இலேயே தடை செய்திருந்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இச்செடிகள் அடங்கிய மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதற்பிரிவில் வைத்துள்ளது.

கற்றாழை, துளசி, வெற்றிலை

கற்றாழை மடலில் தோலுக்கும் நடுவிலுள்ள கூழுக்கும் இடையே மஞ்சள் நிறப் பால் உள்ளது. இதை உலர்த்தியதே கரியபோளம். இதில் அலோயின், அலோ-எமோடின் போன்ற பொருட்கள் உண்டு. நிறம் நீக்கப்படாத முழு மடற்சாற்றை இரண்டு ஆண்டுகள் குடிநீரில் கொடுத்தபோது எலிகளின் பெருங்குடலில் கட்டிகள் தோன்றின என்று அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் 2013இல் அறிவித்தது. அதன் பின்னர் அச்சாறு, புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ள 2பி பிரிவில் சேர்க்கப்பட்டது. கூழுக்கு இம்முடிவு பொருந்தாது. கற்றாழைச் சோற்றை ஏழு முறை கழுவ வேண்டும் என்ற நம் வீட்டு வழக்கம் அகற்றுவது பெரும்பாலும் இந்த மஞ்சள் பாலைத்தான்.

துளசியின் மணத்துக்குக் காரணமான எண்ணெயில் யூஜினால் உள்ளது. செடியின் வகைக்கேற்ப மெத்தில் யூஜினாலும் உண்டு. பெயரில் சிறு வேறுபாடே எனினும், மெத்தில் யூஜினால் எலிகளில் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்குகிறது. 2023இல் அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள 2ஏ பிரிவுக்கு உயர்த்தப்பட்டது. வழக்கமான ஏம்ஸ் சோதனை இதைப் பிடிக்கத் தவறியது. அதை நச்சாக மாற்றும் சல்பேட் சேர்க்கும் வினை அச்சோதனையின் கல்லீரல் கலவையில் சரிவர நிகழ்வதில்லை. சில துளசி இலைகளை மெல்வதற்கும், செறிவூட்டிய எண்ணெயை நாள்தோறும் உட்கொள்வதற்கும் உள்ள அளவு வேறுபாட்டை மறக்கலாகாது.

வெற்றிலையின் கதை இன்னும் சிக்கலானது. பாக்கு மனிதருக்குப் புற்றுநோய்க் காரணி என்பது உறுதி. வெற்றிலையில் உள்ள ஹைட்ராக்சிசவிக்கால் பாக்டீரியாக்களைத் தடுப்பதோடு, ஏம்ஸ் சோதனையில் சடுதிமாற்றத்தைக் குறைப்பதாகவும் 1986இல் மும்பை ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பத்தாண்டுகள் கழித்து வெளியான மற்றோர் ஆய்வில், அதே பொருள் வளர்ப்பு உயிரணுக்களில் ஆக்சிசனேற்றத்தின் வழியாக டி.என்.ஏ.வைச் சிதைப்பது தெரிந்தது. ஒரே மூலக்கூறு, செறிவும் சூழலும் மாறும்போது காப்பதும் கெடுப்பதுமாக இருக்கிறது. இதில் முரண்பாடு ஏதுமில்லை. பீனால்கள் பலவற்றின் இயல்பே இதுதான்.

பாதுகாக்கும் இலைகள்

டி.என்.ஏ. சிதைவைக் குறைக்கும் இலைப்பொருட்களும் உள்ளன. பூஞ்சை பிடித்த நிலக்கடலை, சோளம் ஆகியவற்றில் உண்டாகும் அப்லாடாக்சின் வலிமை மிக்க மரபணு நச்சு. இலைப் பச்சையத்திலிருந்து செய்யப்படும் குளோரோபிலின் இதனோடு குடலிலேயே பிணைந்து உட்கவரப்படாமல் தடுக்கிறது. சீனத்தின் சிடோங் வட்டாரத்தில் 180 பேரிடம் நான்கு மாதம் நடத்தப்பட்ட சோதனையில், நாள்தோறும் மூன்று வேளை 100 மில்லிகிராம் உட்கொண்டவர்களின் சிறுநீரில் அப்லாடாக்சின் டி.என்.ஏ. சிதைவின் அடையாளப் பொருள் 55 விழுக்காடு குறைந்திருந்தது. இம்முடிவு 2001இல் வெளியானது. பெட்ரி தட்டைத் தாண்டி மனிதரிடம் அளந்து காட்டப்பட்டது என்பதே இதன் சிறப்பு.

சோதிக்கும் ஒழுங்கு

ஐரோப்பிய மருந்து முகமை 2008இல் மூலிகைத் தயாரிப்புகளின் மரபணு நச்சுச் சோதனைக்கு ஒரு வழிகாட்டியை ஏற்றது. அதன்படி முதலில் ஏம்ஸ் சோதனை. அதில் ஐயத்துக்கிடமான முடிவு கிடைத்தால் பாலூட்டி உயிரணுக்களில் சோதனை. அதிலும் ஐயம் எழுந்தால் விலங்கில் நுண்கருச் சோதனை என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். சோதிக்கப்படும் சாறு, மக்கள் உட்கொள்ளும் அதே முறையில் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் தேவை.

இவை அனைத்துக்கும் முன்னர் செடி எது என்பது உறுதியாக வேண்டும். கீழாநெல்லி என்ற பெயரில் தென்னிந்தியச் சந்தைகளில் விற்கப்படும் உலர் மூலிகையில் அப்பேரினத்தின் வேறு சிற்றினங்களும் கலந்திருப்பதை டி.என்.ஏ. ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனால் சோதித்த செடியின் பூவும் காயும் கூடிய ஒரு கிளையை உலர்த்தி, தாளில் ஒட்டி, எண்ணிட்டு உலர்தாவரகத்தில் வைத்து, அந்த எண்ணை ஆய்வுக்கட்டுரையில் குறிப்பிடுவது நடைமுறையாக உள்ளது.